15 வயது, ஆட்டிசம், இப்போது மனசும் சரியில்லை: சென்னையில் யாரிடம் காட்டுவது?

ஜூன் 9, இரவு 10.40 | பெரம்பூர் அம்மா

பையனுக்கு 15. நாலு வயசுலயே ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. நல்லாப் பேசுவான், பத்தாவது போறான். மார்ச்சுக்கு அப்புறம் ஆளே மாறிட்டான். குளிக்கிறதில்லை, ராத்திரி மூணு மணி வரைக்கும் முழிப்பு, சாப்பாடு பாதி. உயிரா வெச்சிருந்த ரயில் டைம்டேபிள் புஸ்தகத்தைத் தொடறதே இல்லை. தெரபி சென்டர்ல கேட்டா "டீன் ஏஜ்ல இந்தப் பசங்க இப்படித்தான்"கிறாங்க. ஒரு கவுன்சலர்கிட்ட போனா "ஆட்டிசம் நான் பாக்கறதில்லை"ன்னுட்டாங்க. இவங்க அங்க போங்கறாங்க, அவங்க இங்க போங்கறாங்க. சரியான இடம் எது?

ஜூன் 10, காலை 7.15 | ஓபிசீட்டு

"இப்படித்தான்" என்கிற பதிலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஆட்டிசம் அவனிடம் பிறந்ததிலிருந்து இருக்கிறது, அது மார்ச்சில் வரவில்லை. மார்ச்சில் வந்தது வேறு ஏதோ. எந்த மருத்துவரிடம் போனாலும் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இந்த ஒன்றைத்தான். ஆட்டிசம் என்ற முத்திரை இருந்துவிட்டால் அதன்மேல் ஏறி உட்காரும் மனச்சோர்வு, பதற்றம், வலி எல்லாவற்றையும் அதே கணக்கில் எழுதிவிடுவது இத்துறையின் பழைய வியாதி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011 தொகுப்பாய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 100-க்கு சுமார் 40 பேருக்குப் பதற்றக் கோளாறு ஒன்றாவது இருந்தது. ஆக இது அபூர்வமான சேர்க்கை அல்ல.

முதலில் சைக்யாட்ரிஸ்ட், அதாவது மனநல மருத்துவர், அதிலும் குழந்தை–வளரிளம் பருவம் பார்ப்பவராக இருந்தால் நல்லது. மருந்து கட்டாயம் என்பதற்காக அல்ல, உடம்புக் காரணங்களைத் தள்ளிவிட்டுத்தான் மனசுக்கு வர முடியும் என்பதற்காக. பல் சொத்தை, மலச்சிக்கல், காதுவலி, தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு என்று பட்டியல் நீளும். வலி என்று வாயால் சொல்லாத பிள்ளை குளிக்காமல், சாப்பிடாமல் சொல்லும். வலிப்பும் பதின்ம வயதில் புதிதாகத் தலைகாட்டலாம். சில நொடி வெறித்துப் பார்ப்பது, பேச்சு நடுவில் அறுந்துபோவது இருந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

போகும்முன் ஒரே ஒரு தாள். நடுவில் கோடு. இடப்பக்கம் "எப்போதும் உள்ளது": கை உதறுவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, மிக்ஸி சத்தம் ஆகாதது. வலப்பக்கம் "மார்ச்சுக்குப் பின்": தூங்கிய மணிநேரம், எடை, விட்டுவிட்ட சாப்பாடு, விட்டுவிட்ட ஆசை, பள்ளிக்குப் போகாத நாட்கள். எண்ணாக எழுதுங்கள். "சரியா தூங்கறதில்லை" என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், "12 நாளில் 9 நாள் 3 மணிக்குமேல் தூங்கினான்" என்றால் பேனாவை எடுப்பார்கள். தாளின் பின்புறம் இப்போது கொடுக்கும் மாத்திரைகள் (சத்து டானிக், நாட்டு மருந்து உட்பட), குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வு, இருதுருவக் கோளாறு, வலிப்பு, தைராய்டு உண்டா என்ற விவரம். இரண்டு வாரம் குறித்துக்கொண்டு போங்கள்.

ஜூன் 10, மதியம் 1.50 | ஓபிசீட்டு

மேலே "இரண்டு வாரம்" என்று எழுதியது தவறு. எல்லோருக்கும் அது பொருந்தாது. சாவைப் பற்றிப் பேச்சு, உடம்பைக் கீறிக்கொள்வது, தலையை மோதுவது புதிதாக ஆரம்பித்தது, தண்ணீர்கூடக் குடிக்காதது: இதில் எது இருந்தாலும் இன்றைக்கே போக வேண்டும், தாள் பிறகு.

இந்தப் பிள்ளைகள் "நான் செத்துப்போறேன்" என்பதை டைம்டேபிள் வாசிக்கும் குரலிலேயே சொல்லக்கூடும். அழவில்லை என்பதற்காக விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்துவிடக் கூடாது. நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. "வாழ்க்கை வெறுத்துப்போச்சா?" என்று சுற்றி வளைத்தால் புரியாது. "செத்துடலாம்னு நினைச்சியா? இந்த வாரமா? எப்படின்னு யோசிச்சியா?" என்று ஒவ்வொன்றாக, முடிந்தால் எழுதிக் காட்டி, ஆம் / இல்லை / தெரியலை என மூன்று பெட்டி போட்டு. வீட்டு மாத்திரை டப்பா, பாட்டியின் மாத்திரைகள் உட்பட, பூட்டுக்குள் போகட்டும். மாடிக்கதவும் அப்படியே.

14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் வந்தது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பையன் போன் பேசாதவன் என்றாலும் நீங்கள் பேசலாம்.

ஜூன் 11, காலை 6.30 | ஓபிசீட்டு

இடங்கள் கேட்டீர்கள். "சரியான இடம்" என்று ஒன்று இருக்கும், அங்கே எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை என்று பலர் சொல்வார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பொதுவாக 12 வயதோடு முடிகிறது. 15 வயதுக்காரனைத் திருப்பி அனுப்பக்கூடும். பெரம்பூரிலிருந்து பக்கம் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1794-இல் தொடங்கிய இடம். பெயரைக் கேட்டதும் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்கு டோக்கன் வேண்டாம், உங்களுக்குத்தான் வேண்டும். அங்கே ஒத்துவரவில்லை என்றால் ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி பொது மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. எல்லா அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு உண்டு, ஓபி காலையில்தான். முட்டுக்காட்டில் ஈசிஆர் மேலேயே மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. மதிப்பீடு, தெரபி, சான்றிதழ் வேலைகளுக்கு நல்லது, வாராவாரம் போய்வர உங்களுக்குத் தூரம். அண்ணா நகர் மேற்கு விரிவில் உள்ள ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம், மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கியது, மனச்சிதைவுதான் (ஸ்கிசோஃப்ரினியா) அவர்களுடைய மையம். மனநோயா ஆட்டிசமா என்ற குழப்பம் வரும்போது அந்த அனுபவம் உதவும். இங்கே யாருக்கும் பிடிபடவில்லை என்றால் வேலூர் சிஎம்சியின் பாகாயம் வளாகம், அதற்கும் மேல் பெங்களூரில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிமான்ஸ்.

கூட்டத்தைச் சமாளிக்க: டோக்கன் எடுக்க ஒருவர், பையனோடு வெளியே மரத்தடியில் ஒருவர், எண் நெருங்கும்போது போன். ஓபி சீட்டு போடும் இடத்திலேயே "ஆட்டிசம், கூட்டத்தில் உட்கார மாட்டான்" என்று சொல்லி முன்னால் அனுப்பக் கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே முன்னுரிமை இருக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

ஜூன் 11, இரவு 9.05 | அடையாறு அப்பா

தனியார்ல போகணும்னா ஆளு சரியான ஆளான்னு எப்படிப் பார்க்கிறது? போர்டுல எல்லாரும் சைக்காலஜிஸ்ட்தான்.

ஜூன் 11, இரவு 9.40 | ஓபிசீட்டு

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில், ஆர்சிஐ என்பது அதுதான், பெயர் இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், தளத்தில் போட்டுப் பாருங்கள். சைக்யாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்டி அல்லது டிபிஎம் அல்லது டிஎன்பி, மருத்துவக் கவுன்சில் பதிவு.

ஜூன் 13, காலை 8.00 | ஓபிசீட்டு

திருத்தம். ஆர்சிஐ எண் மட்டும் போதாது. ஸ்பெஷல் எஜுகேட்டர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். எண் உண்மையாக இருக்கும், ஆனால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை கொடுக்கும் படிப்பு அது அல்ல. எண்ணோடு எந்தப் பிரிவில் பதிவு என்பதையும் பாருங்கள்.

ஒரு ஸ்பெஷல் டீச்சர் தனிச்செய்தியில் கோபித்துக்கொண்டார், "எங்களை மட்டமா எழுதறீங்க" என்று. இல்லை அம்மா. தினமும் பார்க்கிற உங்களுக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும். கண்டுபிடிப்பது உங்கள் வேலை, சிகிச்சை வேறொருவர் வேலை, அவ்வளவுதான்.

ஜூன் 14, மாலை 4.20 | ஓபிசீட்டு

அறைக்குள் நடக்கும் ஒரு விபத்தைப் பற்றி. "யாரும் இல்லாதப்ப குரல் கேட்குதா?" என்பது வழக்கமான கேள்வி. நம் பிள்ளை "கேட்குது" என்பான். பக்கத்து வீட்டு டிவி, கீழே காய்கறி வண்டிக்காரர் ஸ்பீக்கர், எல்லாம் குரல்தானே. "உன்னைப் பத்திப் பேசறாங்களா?" "பேசறாங்க." பேசத்தான் செய்கிறார்கள், மாமியிலிருந்து வகுப்பு லீடர் வரை. இரண்டு "ஆமாம்" சேர்ந்தால் மனச்சிதைவு மருந்துச் சீட்டு தயார். கூடவே தனக்குத்தானே பேசுகிறான் என்று நாமும் சொல்லியிருப்போம். அவன் பேசுவது வடிவேலு வசனம் என்பதைச் சொல்ல மறந்திருப்போம்.

எனவே கேள்வி கேட்கப்படும்போது ஓரமாகச் சொல்லுங்கள்: "டாக்டர், இவன் கேள்வியை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுப்பான். யார் குரல், எங்கேருந்து, என்ன சொல்லுதுன்னு உதாரணம் கேளுங்க." நல்ல மருத்துவர் நன்றி சொல்வார். முகம் கறுத்தால், அடுத்த மருத்துவரைத் தேடலாம்.

இன்னொன்று, "எப்படி இருக்கே, சோகமா?" என்பதற்கு "தெரியலை" என்பது பெரும்பாலும் மழுப்பல் இல்லை. தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்க முடியாத நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருக்கிறது. கேள்வித்தாளைக் கொடுத்து "0 முதல் 3 வரை வட்டமிடு" என்று எடுத்த மதிப்பெண்ணை வைத்து மட்டும் "ஒண்ணுமில்லை" என்று அனுப்பினால் ஏற்காதீர்கள். வலப்பக்கத் தாளை நீட்டுங்கள்.

ஜூன் 16, காலை 6.45 | ஓபிசீட்டு

தெரபிஸ்டிடம் முதல் போனிலேயே கேட்டுவிட வேண்டியவை. ஆட்டிசம் உள்ள பதின்ம வயதினர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள், அதில் பதற்றம் அல்லது மனச்சோர்வுக்காக வந்தவர்கள் உண்டா? முதல் தடவை பெற்றோர் மட்டும் வரலாமா? நேரம் 30, 40 நிமிடமாகக் குறைக்கலாமா, நடுவில் எழுந்து நடக்கலாமா? எழுதியும் வரைந்தும் செய்வீர்களா? கடைசியாக, "எங்களுக்கு என்ன மாறினால் வேலை முடிந்தது என்பீர்கள்?" இதற்குப் பதில் "கண்ணைப் பார்த்துப் பேச வைப்போம், கை உதறலை நிறுத்துவோம்" என்றால் அவர் இடப்பக்கத் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் போவது வலப்பக்கத்துக்கு.

மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பேசக்கூடிய ஆட்டிசப் பிள்ளைகளின் பதற்றத்துக்கு சிபிடி முறையை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) எப்படி மாற்றிச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. உணர்ச்சிகளை அடையாளம் காணப் பழக்குவது முதலில். எழுத்து, படம் அதிகம். நேரடியான, எளிய படிகள். பெற்றோர் ஒருவர் கூட இருப்பது. அடிக்கடி இடைவேளை. பிள்ளைக்குப் பிடித்ததையே கருவியாக்குவது.

அந்தக் கடைசி விஷயம் உங்கள் பையனுக்கு அப்படியே பொருந்தும். "உன் பயம் பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பதைவிட ரயில் சிக்னலைக் கேளுங்கள். பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு. நாலே படி. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு ஏற்கெனவே மனப்பாடம்: இரட்டை மஞ்சளில் வேகம் குறையத் தயாராக வேண்டும், மஞ்சளில் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். உடம்பில் இரட்டை மஞ்சள் எப்படித் தெரியும் (காது சூடு, வயிறு பிசைவது) என்று அவனையே எழுத வைக்கலாம். சிவப்பு விழுந்த பிறகு யாரும் அறிவுரை சொல்லக் கூடாது, வண்டி நிற்கட்டும். புத்தகத்தைத் தொடாத பையனுக்கு இப்போது ரயிலைத் திணிக்கவும் கூடாது. தெரபிஸ்ட் மெல்ல எடுக்கட்டும்.

ஜூன் 16, இரவு 11.10 | ஓபிசீட்டு

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. மனச்சோர்வுக்கு வழக்கமாகச் சொல்வது "வெளியே கூட்டிட்டுப் போங்க, ஆக்டிவிட்டியை ஏத்துங்க." வருடம் முழுக்கப் பள்ளியில் மற்றவர்களைப் போல நடித்துக் களைத்துப்போன பிள்ளைக்கு இது எரிகிற அடுப்பில் எண்ணெய். அந்தக் களைப்பில் வழக்கமாகச் செய்கிற வேலையே கை நழுவும், சத்தமும் வெளிச்சமும் முன்னைவிட அதிகம் தாக்கும், ஆள் ஒதுங்குவான். பிடித்த விஷயம் கையில் இருக்கும்போது கொஞ்சம் உயிர் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் களைப்பு என்று சந்தேகிக்கலாம். அதுவும் செத்துப்போயிருந்தால் மனச்சோர்வின் பக்கம் தராசு சாயும். இரண்டும் சேர்ந்தும் இருக்கும், அதனால் இதை வீட்டுத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எடுத்துப்போங்கள்.

ஜூன் 17 | அடையாறு அப்பா

எங்க பொண்ணுக்கு 14, மாசத்துல ஒரு வாரம் மட்டும் இதே மாதிரி ஆகுது.

ஜூன் 17 | ஓபிசீட்டு

காலண்டரில் மாதவிடாய்த் தேதியையும் மோசமான நாட்களையும் வேறுவேறு நிறத்தில் மூன்று மாதம் குறியுங்கள். ஒட்டி வந்தால் மகளிர் மருத்துவரையும் பார்க்க வேண்டும். வலிப்பு மாத்திரையாக வால்ப்ரோயேட் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு அது யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. நாமாக நிறுத்தவும் கூடாது.

ஜூன் 19, காலை 7.30 | ஓபிசீட்டு

மருந்து. ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை. ரிஸ்பெரிடோன் 2006-இலும் அரிபிப்ரசோல் 2009-இலும் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது, ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கும் ஆவேசத்துக்கும் மட்டும். உங்கள் பையன் ஆவேசப்படவில்லை, ஒடுங்கிப்போயிருக்கிறான். "ஆட்டிசமா, ரிஸ்பெரிடோன்" என்று சீட்டு வந்தால் எந்த அறிகுறிக்கு, எத்தனை வாரத்தில் என்ன மாற வேண்டும், மாறாவிட்டால் எப்போது நிறுத்துவோம் என்ற மூன்றையும் கேட்டுச் சீட்டின் பின்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கும்முன் எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும், மூன்று மாதத்தில் மறுபடியும். பசி தாறுமாறாக ஏறும். பையன்களுக்கு மார்பு வீங்கினால் வெட்கப்பட்டு மறைப்பான், நீங்கள் கேட்க வேண்டும். அரிபிப்ரசோலில் உட்கார முடியாத தவிப்பு வரலாம். அதை ஆட்டிசத் துறுதுறுப்பு என்று நினைத்து அளவைக் கூட்டுகிற கூத்தும் நடக்கும்.

மனச்சோர்வு, பதற்றத்துக்குப் பொதுவாகக் கொடுப்பது எஸ்எஸ்ஆர்ஐ என்ற மருந்து வகை. மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். முதல் சில வாரங்களில் தூக்கம் குறைந்து, பேச்சு கூடி, படபடவென்று ஆனால் அது குணம் இல்லை, தூண்டல், உடனே தெரிவிக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை 2004 முதலே இந்த மருந்துகளில் உண்டு. அதனால் முதல் மாதம் கண்காணிப்பு நெருக்கமாக இருக்க வேண்டும். திரும்பத்திரும்பச் செய்யும் பழக்கங்களைக் குறைக்க என்று இவற்றைக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள்: 2009-இல் சிட்டலோப்ராம் வைத்துச் செய்த பெரிய சோதனையில் வெறும் மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை.

ஜூன் 19, காலை 7.50 | ஓபிசீட்டு

ஒடுங்கிப்போயிருக்கிறான் என்று எழுதியபோதே நினைவு வந்திருக்க வேண்டும். கேட்டடோனியா, அதாவது உடம்பின் அசைவே உறைந்துபோவது. பதின்ம வயதில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வரும், அடிக்கடி தவறவிடப்படும். நிலைப்படியில் கால் வைத்து அப்படியே நின்றுவிடுவது, கவளம் பாதி வழியில் நிற்பது, தொட்டு "போ" என்றால்தான் அடுத்த அசைவு, பேச்சு வற்றுவது. "குளிக்க மாட்டேங்கிறான்" என்றீர்களே, மறுக்கிறானா, தொடங்க முடியாமல் நிற்கிறானா? வித்தியாசம் பெரிது. இதற்கு முதல் மருந்து லோராசெபாம், ரிஸ்பெரிடோன் வகை சிலருக்கு இதை மோசமாக்கும். வீடியோ எடுத்துப் போய் இந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜூன் 20, இரவு | பெரம்பூர் அம்மா

மறுக்கலை. பாத்ரூம் வாசல்ல துண்டோட நிக்கறான். 20 நிமிஷம். வீடியோ இருக்கு. திங்கள் போறோம். அட்மிஷன் போடச் சொன்னா?

ஜூன் 20, இரவு 11.55 | ஓபிசீட்டு

திங்கள் வரை சாப்பாடும் தண்ணீரும் இறங்குகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கணக்கு வையுங்கள். நின்றாலோ, காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ ஞாயிறு என்று பார்க்காமல் அவசரப் பிரிவு.

அட்மிஷன் பற்றி 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 87. 18-க்குக் கீழ் என்றால் அதில் சொன்ன நடைமுறைப்படிதான் சேர்க்கலாம். இரண்டு நிபுணர்கள், அதில் ஒருவராவது சைக்யாட்ரிஸ்ட், தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பெரியவர்கள் வார்டில் போடக் கூடாது. காப்பாளரோ அவர் அனுப்பிய ஆளோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். "பேரண்ட்ஸ் வெளிய இருங்க" என்றால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பையில் அவன் போர்வை, காது மூடும் ஹெட்போன், அவன் சாப்பிடும் பிராண்டு பிஸ்கட். மருத்துவமனைச் சாப்பாட்டை முதல் நாளே சாப்பிடுவான் என்று எண்ண வேண்டாம்.

ஜூன் 22 | ஓபிசீட்டு

ஸ்டெம்செல் போட்டால் எல்லாம் போய்விடும் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் போகும், முதலில் பேங்க் பேலன்ஸ். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. ஒட்டகப் பால் குடித்தால் சரியாகும் என்பவருக்குத் தனியாகப் பதில் இல்லை.

ஜூன் 25, காலை | ஓபிசீட்டு

பணம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 21 படி உடல்நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும். ஏஜென்ட் "கவர் ஆகாது" என்றால் எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். இது தவிர மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடம் 1 லட்சம் வரை, வெளிநோயாளி செலவுக்கும் தெரபிக்கும் உண்டு. ஒவ்வொரு தலைப்புக்கும் உள்வரம்பு இருக்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் கணக்கு, நடுவில் சேர்ந்தால் மார்ச்சில் புதுப்பிக்க மறக்காதீர்கள். ரசீது அசல் வேண்டும், "தெரபி பீஸ்" என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் செல்லாது: தேதி, பதிவு எண், முத்திரை.

18 ஆனதும் உங்கள் கையெழுத்து தானாகச் செல்லாது. அதற்குள் அவனே தன் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடப் பழகுகிறானா, காப்பாளர் தேவையா என்று முடிவெடுங்கள். தேவை என்றால் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் மனு. அதை 18-க்குப் பிறகுதான் நினைப்போம் என்றால் வங்கியில் நிற்கும்போது நினைப்பீர்கள்.

ஜூன் 28, மாலை | ஓபிசீட்டு

மார்ச்சில் என்ன நடந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. மருந்து ஆரம்பித்து அசைவு திரும்பியதும் இதைச் செய்யுங்கள். பள்ளியின் வரைபடத்தை அவனோடு ஒரு தாளில் போடுங்கள்: வகுப்பு, கழிப்பறை, வேன், கேன்டீன், பி.டி. மைதானம். சிக்னல் நிறத்தால் ஒவ்வோரிடத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். "யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டால் வராத பதில் கழிப்பறைக் கட்டத்தில் சிவப்பாக வரும். அப்போது அழுத்திக் கேட்டு வாயில் வார்த்தை போடாதீர்கள். அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரபிஸ்டும் அதற்குக் கட்டுப்பட்டவர். "நீ சொல்றது எல்லாம் ரகசியம்" என்று அவனிடம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தால் அது பொய்யாகிவிடும், இந்தப் பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள். எது ரகசியம், எதை அம்மாவிடம் சொல்வேன், எதைக் காவல்துறையிடம் சொல்வேன் என்று மூன்று வரி எழுதி முதல் அமர்விலேயே அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 30 | பெரம்பூர் அம்மா

கேட்டடோனியாதான்னு சொன்னாங்க. வீடியோவைப் பார்த்துட்டுத்தான். மாத்திரை நேரம் காலை எட்டு, ராத்திரி எட்டு. டாக்டர் கேட்டாங்க, இந்தத் தாளை யார் போடச் சொன்னான்னு.

ஜூன் 30 | ஓபிசீட்டு

லோராசெபாமைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகப் போடவும் கூடாது. ஊருக்குப் போகும்போது மூன்று நாள் கூடுதலாகக் கையில் வையுங்கள், எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது, சீட்டு கேட்பார்கள். தாளை மாதாமாதம் புதிதாகப் போடுங்கள், பழையதைக் கிழிக்க வேண்டாம்.